பூ, கோடு, கட்டம்: மூன்றும் ஒரே கட்டிலில் சேருமா?

ஆரையம்பதியில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "கலியாணத்துக்குக் கிடைத்த பெட்சீட் ஒன்று இருக்கிறது, பெரிய பெரிய சிவப்பு ரோசாப்பூப் போட்டது. மருதமுனையில் வாங்கிய நீலக்கோட்டுக் கைத்தறி விரிப்பும், பச்சைக் கட்டம் போட்ட தலையணை உறைகளும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் போட்டால் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. அறையும் சின்னது, 10 அடிக்கு 10 அடி. எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துவிட்டு ஒரே நிறத்தில் ஒரு செட் வாங்கட்டுமா?"

வாங்க வேண்டாம், சகோதரி. உங்களிடம் இருப்பதே போதும், ஒன்றை மட்டும் மாற்றினால் சரி.

பூவும் கோடும் கட்டமும் தாராளமாகச் சேரும். அவற்றுக்குள் பொதுவான ஒரு நிறம் இல்லாவிட்டால்தான் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. ரோசாப்பூப் பெட்சீட்டை விரித்து, பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். இலை பச்சைதானே? அப்படியென்றால் உங்கள் பச்சைக் கட்ட உறைகள் ஏற்கெனவே அந்தப் பெட்சீட்டுக்குச் சொந்தம். ஒட்டாமல் நிற்பது நீலக்கோடு மட்டும்தான். அதை எடுத்துவிட்டு, பூப் பெட்சீட்டையும் கட்ட உறைகளையும் மட்டும் போட்டு, அறை வாசலில் நின்று பாருங்கள். நீலக்கோட்டு விரிப்பை வேறொரு வாரம் வெறும் வெள்ளைத் தலையணைகளோடு போடலாம். அது தனியாகவே அழகு.

கோடும் வேண்டும் என்று ஆசையிருந்தால் பச்சையும் வெள்ளையும் கலந்த கோட்டுத் துணி ஒன்று வாங்குங்கள். கடைக்குப் போகும்போது தலையணை உறையின் உள்தையலில் இருந்து ஒரு பச்சை நூலை இழுத்துக் கையோடு கொண்டுபோங்கள். கடையின் வெள்ளை மின்குமிழுக்குக் கீழே பார்க்காமல், வாசல் வெளிச்சத்துக்குத் துணியைக் கொண்டுவந்து நூலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். நூல் துணியோடு கலந்து மறைந்தால் மிகச் சரி. கொஞ்சம் கடுமையாகவோ வெளிறியோ இருந்தாலும் பரவாயில்லை. மஞ்சள் கலந்த பச்சையும் நீலம் கலந்த பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால்தான் ஒன்று அழுக்காகத் தெரியும்.

கைத்தறியில் ஒரு வசதி இருக்கிறது. பாவில், அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்களில், நிறநூலை இடைவிட்டுப் போட்டால் கோடு விழும். குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே நூலை இடைவிட்டு ஓட்டினால் அந்தக் கோடே கட்டமாகிவிடும். ஒரே சாயநூலில் நெய்த கோட்டுத் துணியும் கட்டத் துணியும் கூடப்பிறந்தவை மாதிரி. அவற்றைச் சேர்க்கப் பெரிய யோசனை தேவையில்லை. கல்முனைக்கு வடக்கே, மருதமுனையில் நெசவு இன்னும் நடக்கிறது. நம் பக்கத்திலேயே அது இருப்பதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

அடுத்தது அளவு. உங்கள் ரோசா உள்ளங்கை அகலம் என்றால் கோடு ஒரு விரல் அகலம், கட்டம் சுண்டுவிரல் நகமளவு இருக்கட்டும். கட்டமும் உள்ளங்கை அளவு வந்தால் பூவோடு போட்டி போடும். தலையணை உறையின் பின்பக்கத்தை வெறும் வெள்ளைத் துணியில் தைத்துக்கொண்டால், அறை நெருக்கமாகத் தெரியும் நாட்களில் திருப்பிப் போடலாம்.

நுளம்பு வலையையும் மறக்காதீர்கள். பகலில் அதைச் சுருட்டி மேலே கட்டியதும் கட்டிலுக்கு மேல் ஒரு பெரிய நிறப் பொதி தொங்குகிறது. நீல வலையென்றால் அதுவும் ஒரு நிறமாகக் கணக்கில் வந்துவிடும். உங்கள் பெட்சீட்டுக்கு வெள்ளை வலைதான் நல்லது.

சின்ன அறை என்பதால் கோடு தலைமாட்டில் இருந்து கால்மாட்டுக்கு ஓட வேண்டும். கட்டில் நீளமாகத் தெரியும். அதே கோட்டுத் துணியில் உறையும் தைத்தால், துணியைத் திருப்பி, கோடு குறுக்கே வரும்படி வெட்டச் சொல்லுங்கள். ஒரே துணி இரண்டு துணி மாதிரித் தெரியும்.

வெட்டுவதற்கு முன் கட்டாயம் ஒருமுறை துவையுங்கள். புதுப் பருத்தி 100 அங்குலத்தில் 3 முதல் 5 அங்குலம் வரை சுருங்கலாம். துவைக்காமல் தைத்த உறைக்குள் பிறகு தலையணையைத் திணிக்க வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால், நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், சாயம் விடுவது நிற்கும்வரை அதைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். சாயமேறிய நூலில் உப்பு அப்படி வேலை செய்வதில்லை. காயப்போடும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் போடுங்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் நேராகப் போட்டால் உங்கள் ரோசாவின் சிவப்பு வெளிறிவிடும்.