முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளியின் சாரணியர் படையில் சேர்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் மூன்று நாள் முகாமுக்கு அழைத்துச் செல்கிறார்களாம். கூடாரம் அடிப்பதும் கயிற்றில் முடிச்சுப் போடுவதும் பிற்காலத்தில் எதற்கு உதவும் என்று கேட்கிறார் என் கணவர். அனுப்பலாமா?
– வாசகி ஒருவர், பாலக்கோடு

பதில்: அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன், முகாமில் சமைக்கப்போவது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சமையலுக்கு ஆள் வைத்து, கூடாரத்தையும் பெரியவர்களே அடித்துக் கொடுத்தால் அது வெறும் சுற்றுலாதான்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே, வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளிகளின் பிள்ளைகளையும் கலந்து நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். இந்த அணி முறைதான் சாரண இயக்கத்தின் உயிர்நாடி. ஈர விறகு புகைந்து, கண் எரிய ஊதி ஊதி எரியவிட்டு, கிண்டத் தெரியாமல் கிண்டிய கேழ்வரகுக் களி கட்டி தட்டிப்போனால் அன்றைக்கு எட்டுப் பேரும் அதைத்தான் சாப்பிட்டாக வேண்டும். நம் வேலையால் அடுத்தவர் வயிறு காயும் என்பதைப் பன்னிரண்டு வயதில் உணர்ந்த பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் நண்பர் பள்ளி நாளில் அணித்தலைவராக இருந்தவர். லாரி வந்து நின்றதும் அவர் சத்தம் போடுவதில்லை. எண்ணுவது யார், ஏற்றுவது யார், தார்ப்பாய் கட்டுவது யார் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைசிக் கயிற்றை மட்டும் தாமே இழுத்துப் பார்ப்பார். முடிச்சை விட, இந்தப் பழக்கத்தைத்தான் முகாம் அவருக்குக் கொடுத்தது என்பேன்.

ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 1958 மார்ச்சில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வின் தகவல்களைக் கொண்டு எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரைப்படி, சிறுவயதில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் மனப்பதற்றம் முதலிய மனநலச் சிக்கல்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக இருந்தது. இதற்கு முகாம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சேர்கிற பிள்ளைகளின் இயல்பும் குடும்பச் சூழலும் வேறாக இருக்கலாம். ஆயினும் ஏழை, பணக்காரர் இடையே மனநலத்தில் காணப்படும் இடைவெளி அவர்களிடம் குறைந்திருந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முகாம் நடக்கும் இடத்தையும் கேட்டறியுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு. அங்கே என்றால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. சாரணியர் படையைப் பெண் ஆசிரியரே நடத்த வேண்டும். அவர் இரவிலும் உடன் தங்குவாரா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சாரணர் விருது வாங்கினால் ரயில்வேயில் வேலை கிடைக்குமாமே?
– வாசகர் ஒருவர், ஊத்தங்கரை

பதில்: குடியரசுத் தலைவர் விருது பெற்ற சாரண சாரணியருக்கு ரயில்வேயில் தனி ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். இடங்கள் மிகக் குறைவு. தேர்வும் எழுத வேண்டும். அதற்காக மட்டும் சேர்த்தால் பையன் விருதுப் பதிவேட்டை நிரப்புவதிலேயே குறியாக இருப்பான், அடுப்புப் பக்கம் வரமாட்டான்.