மின் கட்டணத்தில் நம் பேச்சு எடுபடுமா? கேள்வி பதில்

மின் கட்டணம் பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், கட்டணம் பற்றிய கருத்துக் கேட்புகளைத் தொடர்ந்து கவனித்து வருபவர்.

வெள்ளவத்தை: முடிவை முதலே எடுத்துவிட்டுத்தானே மக்களைக் கூப்பிடுகிறார்கள்?

அப்படியும் தோன்றும்தான். ஆனால் 2025ஐ எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் இருக்கிற கட்டணமே தொடரட்டும் என்றது மின்சார சபை. கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 20 வீதம் குறைத்தது. ஜூனில் சபை 18.3 வீதம் கூட்டக் கேட்டது, 15 கிடைத்தது. ஒக்டோபரில் 6.8 கேட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. இதெல்லாம் நாம் பேசியதால் மட்டுமே நடந்தது என்று சொல்லமாட்டேன். நீர்மின்னைக் கூட்டிச் செலவைக் குறைக்கிற மழையும் இருக்கிறது, செலவுக்கு ஏற்ற கட்டணம் வேண்டும் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும் இருக்கிறது. ஆனால் சபை கேட்டதை அப்படியே தூக்கிக் கொடுக்கவில்லை, அது முக்கியம்.

கொட்டாஞ்சேனை, சிறு அச்சகம்: கருத்துக் கேட்புக்குப் போய்ப் படுகிற கஷ்டத்தைச் சொன்னேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கஷ்டத்தை எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கேள்வியாகக் கேளுங்கள்.

சபையின் முன்மொழிவில், வருகிற மாதங்களில் நீர்மின் எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு இருக்கும். கட்டணத்தின் உயிர் அங்கேதான். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்பிக் கிடக்கும்போது நீர்மின்னைக் குறைத்து எழுதினால், அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும், கணக்கில் செலவு ஏறும். போன தடவை போட்ட மதிப்பீடு என்ன, உண்மையில் உற்பத்தியானது என்ன, மிஞ்சிய பணம் எங்கே? இந்த மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். ஆணைக்குழுவின் கோப்பில் ஏறிவிட்ட கேள்வியைத் தட்டிக்கழிப்பது சிரமம்.

அப்புறம் உங்கள் பில்லில் வாடிக்கையாளர் வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கடை, அலுவலகங்களுக்கான பொதுத் தேவை வகையில் யூனிட் விலை கைத்தொழில் வகையை விடக் கூட. அச்சகத்தைக் கடையாகப் பதிந்திருந்தால், கருத்துக் கேட்பு வரும்வரை காத்திருக்காமல் பிரதேச அலுவலகத்தில் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கொள்ளுப்பிட்டி: கருத்தைத் தமிழில் கொடுக்கலாமா?

தாராளமாக. அது அரசியலமைப்பு தந்த உரிமை.

மருதானை: அரசாங்கம் நியமிக்கிற ஆணைக்குழு அரசாங்கத்தை எதிர்க்குமா?

எதிர்த்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பினர்களை அமைச்சர் நினைத்த மாத்திரத்தில் தூக்க முடியாது, பாராளுமன்றத்துக்குப் போக வேண்டும். 2023 பெப்ரவரியில் கட்டணம் 66 வீதம் ஏறியது. அந்த உயர்வை எதிர்த்த தலைவர் ஜனக ரத்நாயக்கவைப் பாராளுமன்றம் அந்த மே மாதமே நீக்கியது: ஆதரவாக 123, எதிராக 77. சட்டத்தின் பாதுகாப்பு ஒரு வாக்கெடுப்பைத் தாங்கவில்லை. அதனால் தலைவர் யார் என்பதை விட, முடிவுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வத்தளை: சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கிறார்களே, இனித் தகவல் கேட்டால் தருவார்களா?

நல்ல கேள்வி. பிரிப்பது 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகளையும் பிடிக்கிறது. பெயர் மாறினாலும் தப்ப முடியாது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கவும் கூடாது. ஆனால் "ஏன் அடிக்கடி கரண்ட் போகிறது?" என்று கேட்காதீர்கள், மழுப்பலான கடிதம்தான் வரும். "எங்கள் தெரு ட்ரான்ஸ்போமர் 2024இல் எந்தெந்தத் திகதிகளில் பழுதானது, பதிவேட்டின் பிரதி தாருங்கள்" என்று கேளுங்கள்.

தெஹிவளை: மீட்டர் வாசிக்கிறவர் பிந்தி வந்தால் பில் கூடிய விலைக் கட்டத்துக்குப் போய்விடுமா?

தலைப்புக்கு வெளியே என்றாலும் எல்லாரும் கேட்பது இதைத்தான். போகக் கூடாது. நாட்கள் கூடினால் ஒவ்வொரு கட்டத்தின் யூனிட் அளவும் அதே விகிதத்தில் கூட வேண்டும். பில்லில் உள்ள இரண்டு வாசிப்புத் திகதிகளையும் பார்த்து, யூனிட்டை நாட்களால் வகுத்து 30ஆல் பெருக்குங்கள். கணக்கு உதைத்தால் பிரதேச அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் அந்த இலக்கத்தோடு ஆணைக்குழுவுக்குப் போகலாம்.