அவர் பஸ் ஏறும் நாளில் மட்டும் ஏன் இந்தக் கோபம்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். வயது 33. கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை வந்து போவார். நல்ல மனிதர். ஆனால் அவர் இரவு பஸ் ஏறும் நாளில் விடியவே எனக்கு முகம் மாறிவிடும். கறியில் உப்பு, கட்டிலில் ஈரத் துவாய் என்று எதையாவது பிடித்துச் சண்டை போடுவேன். பிறகு பேசவே மாட்டேன். போன முறை படலையடியில் நின்று "போயிட்டு வாறன்" என்றார். நான் குசினியில் மா அரித்துக்கொண்டு நின்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகு அவருடைய சாரனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மாமி கோவிலில் நூல் கட்டச் சொன்னா, கட்டினேன். கூடப் படிப்பிக்கிற ரீச்சர் உளவளத்துணையாளரிடம் போகச் சொல்கிறா. எனக்கென்ன பைத்தியமா? சின்ன வயதில் அம்மா குவைத்தில் இருந்தா, அம்மம்மாதான் வளர்த்தா. மற்றப்படி ஒரு குறையும் இல்லை.

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உப்பையும் துவாயையும் விளக்கமாக எழுதிய நீங்கள், அம்மா வெளிநாடு போனதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அம்மா போன அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்? உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனாவா? பிள்ளையின் அழுகையைப் பார்க்க ஏலாமல், அது தூங்கும்போதே வான் ஏறிய தாய்மார் நம் பக்கத்தில் உண்டு. போகிறவரிடம் முதலே முகத்தைத் திருப்பிக்கொண்டால் வலிக்காது என்று அந்தச் சின்னப் பிள்ளை பழகியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஒரு கடிதத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது, அதனால்தான் உளவளத்துணையாளரிடம் நேரில் போய்க் கதையுங்கள் என்கிறேன்.

அங்கே கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் இருந்து கதைப்பீர்கள். புத்திமதி பெரிதாக இருக்காது. "அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். முதல் இரண்டு மூன்று தடவை, இதற்கா வந்தேன் என்று தோன்றும். சில நாள் வீடு திரும்பும்போது மனம் இன்னும் பாரமாகவும் இருக்கும். விட்டுவிடாதீர்கள். கோபத்துக்கு அடியில் பயம் இருக்கிறது என்று நான் எழுதினால் அது வெறும் எழுத்து. கதைத்துக்கொண்டே போகும்போது ஒரு நாள் நீங்களாகவே அதைக் கண்டுபிடிப்பீர்கள் பாருங்கள், அப்புறம் துவாயைப் பார்த்துக் கத்த வாயெடுக்கும்போதே உங்களுக்கு விளங்கிவிடும்.

சொன்னது வெளியே போகாது, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் தவிர. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவைக் கேட்கலாம். காசு கட்டத் தேவையில்லை. ஊரில் தெரிந்தவர் கண்ணில் படுமே என்று கூச்சமாக இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

நூலைக் கழற்ற வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். அம்மா இப்போது உங்களோடு இருக்கிறாவா என்று எழுதவில்லை. இருந்தால், இதை வாசித்த கையோடு போய் அந்த நாளைப் பற்றிக் கேட்க வேண்டாம். முதலில் நீங்கள் கதைத்து வாருங்கள். அந்த நாள் அவவுக்கும் இலேசாக இருந்திருக்காது.