குரூப்பில் போட்டால் அழைத்ததாகுமா?

வாசகர் கேள்விகளுக்குச் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, நான் 1988இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கச் சேர்ந்தவன். வகுப்பில் நாற்பது பேருக்கு மேல். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. அடுத்த வருஷம் ஒரு சனி, ஞாயிறு கோலாலம்பூரில் கூடலாம் என்று ஏழெட்டுப் பேர் பேசி முடிவு செய்து, அழைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரூப் தொடங்கி, அழகாக ஓர் அழைப்பு அட்டையும் போட்டேன். நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை. நாலைந்து பேர் சத்தமில்லாமல் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். இன்னும் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. வர விருப்பமில்லாதவர்களை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்கள் கல்யாணத்துக்கும் இப்படித்தான் அழைத்தீர்களா? நம் தோட்டத்து லய வீடுகளில் ஒரு காதுகுத்து என்றாலும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் நின்று, பெரியவர் பெயரைச் சொல்லி அழைத்தால்தான் அழைப்பு. "ஆபீஸ் பலகையில ஒட்டியிருக்கோமே, பார்க்கலையா?" என்றால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். குரூப்பில் நீங்கள் போட்டது அந்தப் பலகை நோட்டீஸ். தேதி சொல்ல உதவும். அதைப் பார்த்து ஆள் வராது.

குரூப்பை விட்டுப் போனவருக்கு வர விருப்பமில்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அவர் உள்ளே வந்ததும் என்ன பார்த்திருப்பார்? ஒருவர் மகன் பட்டம் வாங்கிய படம், இன்னொருவர் டத்தோ பட்டம் வாங்கிய படம், மூன்றாமவர் ஐரோப்பா போன படம். அவர் எஸ்டேட் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவராக இருக்கலாம். மனைவி டயாலிசிஸுக்குப் போய்வருகிறவராக இருக்கலாம். முப்பது சொச்ச வருஷத்துக் கணக்கைத் திடீரென்று எல்லார் முன்னாலும் ஒப்பிக்கச் சொன்னால் யார் நிற்பார்?

எங்கள் செட் முதல் தடவை கூடியபோது பதிவுப் பாரத்தில் பெயர், போன் நம்பர், அடுத்து 'பதவி' என்று ஒரு கட்டம் இருந்தது. பரீட்சைக்கு முந்தின இரவு எங்களில் பாதிப் பேருக்குப் புள்ளியியலைச் சொல்லிக் கொடுத்துக் கரையேற்றிய ஒரு தோழி அந்தப் பாரத்தைத் திருப்பி அனுப்பவே இல்லை. அவள் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தாள். அடுத்த முறை அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு எந்தக் கோலேஜ் விடுதி, யாருடன் அறை என்று கேட்டோம். உடனே எழுதி அனுப்பினாள், வந்தும் சேர்ந்தாள். உங்கள் பாரத்திலும் அதையே கேளுங்கள். சட்டையில் குத்தும் பெயர் அட்டையிலும் பட்டம் வேண்டாம். டத்தோக்கள் பட்டத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வரட்டும், போகும்போது மாட்டிக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஏழெட்டுப் பெயராகப் பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊர் வாரியாகப் பிரிக்காதீர்கள், இப்போது வசதியாக இருக்கிறவரைப் பார்த்தும் பிரிக்காதீர்கள். அப்போது யார் யாருடன் ஒரே அறையில் இருந்தார், லீவுக்குப் புடுராயா பஸ் நிலையத்தில் யார் யாருடன் பஸ் ஏறினார் என்று பாருங்கள். அவர்தான் அழைக்க வேண்டும். அழைக்கும்போது "ரீயூனியன் கமிட்டியிலிருந்து பேசுகிறேன்" என்று தொடங்கினால், இன்சூரன்ஸ் விற்க வந்தவன் என்று நினைத்துக் கட் பண்ணிவிடுவார். "டேய், வார்டனுக்குத் தெரியாம கட்டிலுக்கு அடியில ரைஸ் குக்கர் வச்சு மெகி மீ ஆக்கினோமே, ஞாபகம் இருக்கா?" என்று தொடங்குங்கள். முதல் போனில் அந்தப் பேச்சு போதும். பணம், அறை, சட்டை சைஸ் எல்லாம் இரண்டாவது போனில். "இப்ப என்ன பண்றே?" என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர் வாயிலிருந்தே வரட்டும்.

தேடுவது எப்படி என்கிறீர்கள். 1988இல் கொடுத்த முகவரிகளை நம்பிக் கடிதம் போடாதீர்கள். இன்ன தோட்டம், இரண்டாவது டிவிஷன், 31100 சுங்கை சிப்புட் என்று எழுதியிருப்பார்கள். லயத்தை இடித்துத் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டிய இடங்களில் தபால்காரர் யாரைப் போய்த் தேடுவார்? ஆனால் தோட்டம் போனாலும் பல இடங்களில் மாரியம்மன் கோயில் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பழைய ஆட்கள் வந்து சேர்கிறார்கள். திருவிழா நோட்டீஸை வாங்கி உபயக்காரர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் கூட்டாளியின் பெயர் இல்லாவிட்டாலும் அண்ணன், மச்சான் யாராவது இருப்பார்கள். கோயில் தலைவரிடம் "எந்தத் தோட்டத்து ஆள், அப்பா பால் வெட்டினவரா, மண்டோரா, கிராணியா" என்று சொன்னால் போதும், மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார். முகநூலில் நீங்கள் ஒரு மாதம் தேடிக் கிடைக்காத ஆள் அங்கே ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் கிடைத்துவிடுவார்.

பெண்களைத் தேடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடையாளக் கார்டில் நம் பெண்களின் பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரோடுதான் இருக்கிறது. முகநூலில்தான் புருஷன் பெயரைப் போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பதில் பேரப்பிள்ளையின் படத்தை வைத்திருப்பார்கள். ஆகவே பழைய பெயரை வைத்து ஆட்களிடம் விசாரியுங்கள், வேலைக்குப் போனவராக இருந்தால் அலுவலகத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். யார் அலமாரியிலாவது அந்த வருஷத்துப் பட்டமளிப்பு விழாப் புத்தகம் இருந்தால் முழுப் பெயர்களும் சரியான எழுத்தில் கிடைக்கும். பல்கலைக்கழக அலுவலகத்தில் போய் எல்லாருடைய கைப்பேசி எண்ணையும் கேட்காதீர்கள், தர மாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் அழைப்பை அவர்கள் வழியாக அனுப்பி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இறந்துபோனவர் யார் என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள். அவர் பெயருக்கு ஓர் அழைப்பு போய், அதை மனைவி திறந்து பார்க்கும்படி ஆகக் கூடாது. தெரிந்த பிறகு அந்த வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்வாருங்கள்.

போன் போட்டும், ஆள் வைத்துச் சொல்லியும், "வரலப்பா" என்று ஒருவர் சொன்னால் அதோடு விடுங்கள். ஏன் என்று குடையாதீர்கள்.

கேள்வி: எங்கள் மலாயாப் பல்கலைக்கழக வகுப்பும் கோலாலம்பூரில் கூடப் போகிறது. எப்போது தேதி வைத்தாலும் கெடாக்காரர்கள் மட்டும் முகத்தைச் சுளிக்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் நாள் உண்டா?
– ஓர் ஆசிரியை, தாப்பா

பதில்: சுளிக்காமல் என்ன செய்வார்கள்? கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கைப் பட்டாணியில் பாடம் நடத்துகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளியில் நிற்க வேண்டும். ஜொகூர்க்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து அவர்கள் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான நாள் சனி ஒன்றுதான். படம் எடுப்பது, விருந்து, ஆசிரியர்களுக்கு மாலை என்று முக்கியமானதையெல்லாம் சனி பகலிலேயே முடியுங்கள். கெடாக்காரர் மாலையில் கார் எடுத்தாலும் நாலைந்து மணி நேரத்தில் வீடு போய்ச் சேர்வார். ஞாயிறு காலை மிச்சமிருப்பவர்கள் சேர்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுங்கள், அது போதும்.

நோன்பு மாதம் வேண்டாம். அடுத்து வரும் ராயா (நோன்புப் பெருநாள்) மாதத்துச் சனி, ஞாயிறெல்லாம் திறந்த இல்ல உபசரிப்பில் போய்விடும், அதுவும் வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்தில் சீன நண்பர்கள் செங் பெங்குக்குக் கல்லறைக்குப் போவார்கள். புரட்டாசியில் வைத்தால் நம்மவர்களில் பாதிப் பேர் சைவம். சனிக்கிழமை வேறு, சொல்லவே வேண்டாம். ஆடியைப் பாருங்களேன். நம் வீடுகளில் கல்யாணம் இருக்காது, மண்டபமும் காலியாக இருக்கும். சாப்பாடு ஹலாலாக ஒரே சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம், சைவத்துக்குத் தனி மேசையும் தனிக் கரண்டியும் வையுங்கள். மதுவை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். குடிக்கிறவர்களுக்கு இடம் தெரியும், நீங்கள் வழிகாட்ட வேண்டியதில்லை.

தேதியை மூன்று, நாலு மாதம் முன்பே சொல்லுங்கள். பேராக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஈடிஎஸ் ரயில் வசதி, ஆனால் வார இறுதியில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கேஎல் சென்ட்ரலில் இறங்கி கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டியில் ஏறினால் யுனிவர்சிட்டி நிலையம். நம் காலத்தில் அது கிடையாது.

கேள்வி: வகுப்பு விருந்துக்கு ஆளுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). பணம் கட்டியவர் பட்டியலைத் தினமும் இரவு குரூப்பில் பச்சை டிக் போட்டு அனுப்புகிறார் எங்கள் பொருளாளர். பெரிய நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் மொத்தச் செலவையும் தானே ஏற்பதாகச் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: முதலில் அந்தப் பச்சை டிக்கை நிறுத்தச் சொல்லுங்கள். டிக் இல்லாத பெயரை எல்லாரும் பார்க்கிறார்கள், அந்தப் பெயருக்குரியவரும் பார்க்கிறார். மொத்தச் செலவையும் ஒருவர் ஏற்றால் அது அவர் வீட்டு விருந்து ஆகிவிடும், மற்றவர்கள் விருந்தாளிகள். 200ஐக் குறையுங்கள், ஹோட்டலை விட்டு மண்டபத்துக்கு மாறினாலே குறையும். அந்த நண்பரிடம் ஒரு தொகையை வாங்கிப் பொருளாளர் கையில் கொடுத்து வையுங்கள். கட்ட முடியாதவர்களுக்கு அதிலிருந்து போகட்டும், யாருக்குப் போனது என்று கொடுத்தவர் உட்பட ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்காமல் இருக்க மாட்டார் என்றால் அவர் பணம் வேண்டாம்.

கேள்வி: எங்களோடு சேர்ந்து இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்டுப் போன ஒருவர் இருக்கிறார். பட்டம் வாங்காதவரை அழைப்பது முறையா என்று சிலர் கேட்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், குவாலா கங்சார்

பதில்: கேட்கிறவர்களைத்தான் அழைக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாரா இல்லையா? முதல் போன் அவருக்குப் போடுங்கள்.

கேள்வி: என் கணவர் தம் கல்லூரி நண்பர்கள் சந்திப்புக்குப் போகிறார். அந்தக் காலத்தில் அவர் கடிதம் எழுதிய பெண்ணும் வருகிறாராம். நானும் கூடப் போகலாமா?
– ஓர் இல்லத்தரசி, பாகான் செராய்

பதில்: தாராளமாகப் போங்கள். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். உங்கள் கணவருக்கு அன்று சாப்பாடு இறங்காது, அவர் பங்கு இறைச்சிப் பிரட்டலையும் நீங்களே சாப்பிட்டுவிடலாம்.