பழைய ஜீப்பின் அடியில் உறுமலும் அதிர்வும்: கிரவுன் பினியனைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: வில்லிஸ் சிஜே-3பி வழி வந்த பழைய மகிந்திரா ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறேன். வேகம் 50 கி.மீ.யைத் தொட்டதும் அடியில் உறுமலும் அதிர்வும் வருகின்றன. பட்டறையில் கிரவுன் பினியனை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: பொறுங்கள். சந்தேகப்பட வேண்டியவர்கள் வரிசையில் கிரவுன் பினியனுக்கு, அதாவது ஷாஃப்டின் சுழற்சியை ஆக்சிலுக்குள் சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிக்கு, கடைசி இடம்தான். அது இருக்கும் ஆக்சில் ஹவுசிங்கைப் பிரித்துவிட்டால் செலவும் தொடங்கிவிடும், சத்தம் வேறெங்கோ இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டே கால் மீட்டர் உருளும். 50 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 6.2 முறை சுற்றுகிறது. இந்த வண்டியின் ஆக்சில் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் தண்டு 5.38 முறை சுற்ற வேண்டும். ஆக, அந்தத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 33 முறை சுற்றுகிறது. சக்கரத்தில் கோளாறு என்றால் ஸ்டீயரிங் ஆடும், அந்த ஆட்டத்தைக் கைகளாலேயே ஏறக்குறைய எண்ணலாம். ஷாஃப்டில் கோளாறு என்றால் எண்ண முடியாது. இருக்கையிலும் மிதிபலகையிலும் ரீங்காரமாக ஏறும். உங்கள் வண்டியில் எது என்று சொல்லவில்லை. அதை முதலில் கவனியுங்கள்.

அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சமதரைச் சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்ச்சும் குற்றவாளிகள் அல்ல. வேகத்தோடு சேர்ந்து இறங்கும் சத்தம் சக்கரத்திலிருந்தோ ஷாஃப்டிலிருந்தோ வருவது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று மாறினால்தான் பினியன் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

முன் ஆக்சிலை ஒதுக்கிப் பார்ப்பதும் எளிது. லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) இருந்தால் திறந்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் முன் ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இந்த வண்டிகளில் வழுக்கு ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம்தரும் பல்வெட்டு இணைப்பு) ஷாஃப்டிலேயே இருப்பதால் ஆயில் ஒழுகாது. சத்தம் நின்றால் பின் பக்கம் கை வைக்கவே வேண்டாம். பின் ஷாஃப்டைக் கழற்றி முன் சக்கரங்களால் மட்டும் ஓட்டியும் சோதிக்கலாம், ஆனால் ஒன்று: வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் டிரம், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்ட் போனால் ஹேண்ட்பிரேக்கும் போயிற்று. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் கீழே படுக்காதீர்கள்.

என் அனுபவத்தில் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் சிக்குவது, ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்டின் கிராஸ்தான் (நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டு). நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஜாயிண்டின் இரு பக்கத்தையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஜாயிண்டுக்குள் இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் கிராஸ் முடிந்தது. (ஷாஃப்ட் மொத்தமாகச் சற்று முன்னும் பின்னும் திரும்புவது வேறு, அது பல்சக்கர இடைவெளிகளின் கூட்டுத்தொகை, பழைய வண்டியில் இருக்கத்தான் செய்யும்.) கிராஸின் காலை மூடியிருக்கும் கப்பின் விளிம்பில் செம்பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் துருவாகின்றன என்று பொருள். கழற்றிப் பார்த்தால் கிராஸின் காலில் ஊசிகள் அழுந்திய வரிவரியான தடம் விரல் நகத்தில் தட்டுப்படும். புதியதைப் போட்டதும் கிரீஸ் நான்கு கப்புகளிலிருந்தும் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்து போகும்.

கிராஸ் நன்றாக இருந்தும் அதிர்கிறதா? யாராவது ஷாஃப்டை ஸ்பிளைனில் உருவி மறுபடி சேர்த்தார்களா என்று விசாரியுங்கள். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். வளைந்த கோணத்தில் சுற்றும் ஜாயிண்ட் ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சரிக்கட்டுகிறது. ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே அந்தச் சமன் கெட்டுவிடும். பாரத்துக்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவது எங்கள் போடி மலைப் பக்கம் வழக்கம். அதனால் வண்டி உயர்ந்து பினியனின் கோணம் மாறியும் இதே அதிர்வு வரும். அதற்கு மருந்து ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஓர் ஆப்புத் தகடு.

சக்கர பேரிங் என்றால் வளைவுகளில் காட்டிக்கொடுக்கும்: ஒரு பக்கம் திரும்பும்போது உறுமல் கூடும், மறுபக்கம் குறையும். ஓடி நின்றதும் நான்கு ஹப்களையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் விடை கிடைத்துவிட்டது.

டிரான்ஸ்ஃபர் கேஸின் முனகலுக்காகப் பயப்படாதீர்கள். இந்த ஸ்பைசர் 18 வகையில் ஹை ரேஞ்சிலும் (வழக்கமான ஓட்டத்துக்கான நிலை) விசை பல்சக்கரங்கள் வழியாகத்தான் போகிறது. அந்த முனகல் பிறவிக் குணம்.

இத்தனைக்குப் பிறகும் சுருதி மாறும் ஊளை நிற்கவில்லை, ஷாஃப்ட் மாட்டும் பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடுகிறது, வடித்த ஆயிலில் மினுமினுவென்று இரும்புச் செதில்கள் தெரிகின்றன என்றால் பட்டறைக்காரர் சொல்வது சரி. அப்போது கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்குங்கள். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.