போர்டோ கலவை தெளித்த பின் இலை கருகியது ஏன்?

கேள்வி: எலுமிச்சைக்கு ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) தயாரித்துத் தெளித்தேன். மூன்றாம் நாள் இளந்தளிர்கள் விளிம்பில் கருகிவிட்டன. சுண்ணாம்பு போன ஆண்டு வாங்கிப் பிரித்து வைத்தது. மயில்துத்தத்தை இரும்பு வாளியில் கரைத்தேன். மீதிக் கலவையை அடுத்த வாரம் அடிக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குற்றம் பெரும்பாலும் பழைய சுண்ணாம்பின் மேல்தான். மயில்துத்தம் என்னும் காப்பர் சல்பேட்டின் கரைசல் அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள தாமிர அயனிகள் பூஞ்சையின் நொதிகளை முடக்குவது போலவே தளிரின் செல்களையும் கொல்லும். புதிதாக நீற்றிய சுண்ணாம்பு அந்தத் தாமிரத்தை எளிதில் கரையாத நீல வீழ்படிவாக மாற்றி இலையின் மேல் ஒட்டவைக்கிறது. பிறகு பனியிலும் மழையிலும் அது சிறிது சிறிதாகக் கரைந்து பூஞ்சையின் வித்துகளை முளைக்கவிடாமல் தடுக்கிறது. திறந்து கிடந்த சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கார்பனேட்டாக மாறியிருக்கும். அதன் காரத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். 1885-இல் பிரான்சில் தாவரவியலாளர் மில்லர்டே இக்கலவையை உலகறியச் செய்த நாளிலிருந்து சூத்திரம் அதிகம் மாறவில்லை. கெடுவது பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

100 லிட்டருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் தொட்டிகளில் 50 லிட்டர் வீதம் கரைத்து, சுண்ணாம்புப் பாலை வடிகட்டி, அதில் துத்தக் கரைசலைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்பு வாளி கூடவே கூடாது. இரும்பு கரைந்து, தாமிரம் வாளியின் சுவரில் படிந்துவிடுவதால் கலவையின் வீரியம் குறையும்.

இதே வினையைத்தான் சோதனைக்கும் பயன்படுத்துகிறோம். துருவில்லாமல் தேய்த்த அரிவாள் நுனியைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் கட்டுப்படாத தாமிரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். படிவது நிற்கும் வரை சுண்ணாம்புப் பாலைச் சேர்த்து மறுபடி சோதியுங்கள். ஈரம் உலராத மேகமூட்ட நாளில் நல்ல கலவையும் தளிரைக் கருக்கக்கூடும் என்பதால் வெயில் ஏறும் காலை வேளையே தெளிப்புக்கு ஏற்றது.

மீதிக் கலவையை அடுத்த வாரம் அடிக்க வேண்டாம். வைத்திருக்க வைத்திருக்க வீழ்படிவின் துகள்கள் பருத்து, இலையில் ஒட்டும் தன்மையை இழக்கின்றன. தயாரித்த அன்றே தீர்த்துவிடுங்கள்; எஞ்சியதை மீன் வளர்க்கும் குட்டையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், தாமிரம் மீன்களைக் கொன்றுவிடும்.