என்.எஃப்.எஸ். அடிக்கடி தொங்குகிறது, சாஃப்ட் மவுண்ட் போட்டால் சரியாகுமா?

என்.எஃப்.எஸ். என்பது வேறொரு மெஷினின் ஃபைல்களை நெட்வொர்க் வழியே நம்முடையதுபோல் பயன்படுத்தும் வழி, அப்படி இணைப்பதுதான் மவுண்ட். உங்களிடம் லினக்ஸ் சர்வர், சோலாரிஸ் (ஒரு யுனிக்ஸ் இயங்குதளம்) கிளையன்ட். சின்ன ஃபைல்கள் ஓடுகின்றன, பெரியதைக் காப்பி பண்ணும்போது மட்டும் "சர்வர் பதில் தரவில்லை" என்று நின்றுவிடுகிறது, அதனால் ஹார்டை (சர்வர் பதில் தரும்வரை விடாமல் முயலும் மவுண்ட்) எடுத்துவிட்டு சாஃப்ட் (சில முறை முயன்று கைவிடும் மவுண்ட்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே இருப்பவர்கள் "முடிஞ்சுதா?" என்று நச்சரித்துக்கொண்டும் இருப்பார்கள். போடாதீர்கள். போட்டுச் சூடுபட்டவன் சொல்கிறேன்.

எனக்கும் இதே ஜோடிதான். லினக்ஸ் ஆரம்ப 2.4 கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்), சர்வர் பக்கம் டி.சி.பி. (தொலைந்த துண்டை மட்டும் தானே மறுபடி அனுப்பும் முறை) கிடையாது, எல்லாம் யு.டி.பி. (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை). தொங்கல் தாங்காமல் சாஃப்ட் போட்டேன். தொங்குவது நின்றது. இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் ஒரு நாள் பழைய பேக்கப் ஒன்றைப் பிரித்தால் பாதியில் பிழை. ஃபைல் அளவு பைட் பிசகாமல் சரி. ஹெக்ஸில் (பைட் பைட்டாக) திறந்து பார்த்தால் நடுவே வரிசையாக வெறும் பூஜ்யம். சாஃப்ட் என்றால் சில முறை முயன்று பார்த்துவிட்டு நிரலிடம் பிழையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் அந்தப் பிழையைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுதாமல் போன துண்டு ஓட்டையாக நிற்க, அடுத்த துண்டு பத்திரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

படிக்க மட்டும் மவுண்ட் செய்தால் சாஃப்ட் பரவாயில்லை என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் பேசுவது எழுதும் இடத்தைப் பற்றி.

தொங்கியதற்குக் காரணம் வேறு எங்கோ இருந்தது. சோலாரிஸில் என்.எஃப்.எஸ்.ஸ்டாட் (என்.எஃப்.எஸ். கணக்கைக் காட்டும் கட்டளை) போட்டால் மறு அனுப்பல் எண்ணிக்கை எகிறிக்கொண்டிருந்தது. நெட்ஸ்டாட்டில் (நெட்வொர்க் கணக்கைக் காட்டும் கட்டளை) அந்த மெஷினின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு நேரே மோதல்கள் குவிந்திருந்தன. ஸ்விட்ச் போர்ட்டை யாரோ 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று அழுத்திப் பூட்டியிருந்தார்கள், எங்கள் சோலாரிஸ் மெஷினோ ஆட்டோவில் (எதிர்ப்பக்கத்தோடு பேசி முடிவு செய்யும்). எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கே வராததால் மெஷின் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம்) இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் மோதல்தான். 8192 பைட் எழுத்து ஒன்று 1500 பைட் எம்.டி.யு.வில் (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு) ஆறு துண்டாகப் போகும், அதில் ஒன்று தொலைந்தால் ஆறையும் மறுபடி அனுப்ப வேண்டும். பிங் (எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒரே ஒரு குட்டித் துண்டு, அது ஜோராகப் போய்வரும். ஆகவே பெரிய பாக்கெட்டில், தொடர்ச்சியாகப் பிங் அடித்துப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது புது மெஷின்களாக இருந்தால் டூப்ளெக்ஸ் வாய்ப்பு குறைவு. ஒரு பக்கம் 9000, நடுவே ஸ்விட்சில் 1500 என்று எம்.டி.யு. பொருந்தாமல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அதிலும் சின்ன டைரக்டரியில் எல்.எஸ். (ஃபைல் பட்டியல் காட்டும் கட்டளை) ஓடும், பெரியதில் நின்றுவிடும். யு.டி.பி.யில் இருந்தால் டி.சி.பி.க்கு மாறுங்கள், ஹார்டையே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஹார்ட் மவுண்டில் மாட்டிய நிரலைக் கொல்லவே முடியாது என்பது பழைய கதை, 2.6.25 கர்னலில் இருந்து சிக்கில் (SIGKILL, நிரலைக் கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) போட்டால் செத்துவிடும்.

என் விஷயத்தில் அந்த ஒரு போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்ற நெட்வொர்க் ஆட்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. "பிங் போகுதே சார்" என்றுதான் தினமும் பதில். மாற்றிய அன்று டிக்கெட்டை மூடும்போது காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தார்கள்: சர்வர் கோளாறு.